ஜைனம்பு அக்காவும் முப்பத்தேழு டிகிரியும்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கல்லூரி ஸ்டோர் ரூமில் விரிசல் விட்ட பீக்கர்களைத் தனியாகப் பொறுக்கி வைத்துக்கொண்டிருந்தேன். பர்வீன் போன் செய்தாள். ஜைனம்பு அக்காவின் தங்கை மகள். பண்டிகைக்கு வாட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்புவாளே தவிர, கூப்பிட்டுப் பேசுகிறவள் இல்லை. "பெரியம்மா மௌத்தாயிட்டாங்க ஆன்ட்டி. காலைத் தொழுகைக்கு எழுப்பப் போனேன், எந்திரிக்கல. சாயங்காலம் எடுக்குறோம், வந்துருங்க" என்றாள். அழவில்லை. அழுது முடித்த குரல். சரிம்மா என்று சொல்லிவிட்டு மிச்சமிருந்த பீக்கர்களையும் பொறுக்கி வைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்னமும் தெரியவில்லை.

கும்பகோணம் பஸ்ஸில் ஏறிப் பாபநாசத்தில் இறங்கியபோது மணி இரண்டு. நம் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர்களில் ஏழெட்டுப் பேர் எனக்கு முன்னாலேயே வந்திருந்தீர்கள். பர்வீன் வாசலுக்கு வந்து, "உள்ள வாங்க ஆன்ட்டி, முகம் பாத்துருங்க" என்று கையைப் பிடித்தாள். நான் போகவில்லை. செருப்பு கழற்றுகிற இடத்திலேயே நின்றேன். பதினோரு வருடம் ஒரே மேசையில் வேலை பார்த்தவள், முகம் பார்க்க உள்ளே வராமல் நிற்கிறாயே என்று உங்களில் சிலர் என்னிடமே கேட்டீர்கள். தலை சுற்றுகிறது என்று சொல்லிச் சமாளித்தேன். தலையெல்லாம் சுற்றவில்லை.

அக்காவைப் பற்றி நினைவு மலருக்கு நீதான் எழுத வேண்டும், நல்லதாக நாலு வார்த்தை போதும் என்று எங்கள் பேராசிரியர் சொன்னார். நல்ல வார்த்தைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அவற்றோடு இன்னொன்றும் இருக்கிறது. அதை விட்டுவிட்டு எழுதினால் அக்காவே இந்தத் தாளைக் கிழித்துப் போட்டிருப்பார்.

எங்கள் வேலை என்னவென்று தெரியாத வீட்டாருக்காக முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மலேரியாவுக்குப் புது மருந்து தேடுகிறவர்களுக்கு உயிருள்ள மலேரியாக் கிருமி வேண்டும். அது மனிதனின் சிவப்பணுவுக்குள்தான் வளரும். கண்ணாடிக் குடுவையில் சிவப்பணுவைப் போட்டு, சத்து நீரோடு மனித சீரமும் சேர்த்து ஊற்றி, உடம்புச் சூடான முப்பத்தேழு டிகிரியில் வைக்க வேண்டும். ரத்தம் உறைந்த பிறகு மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீர்தான் சீரம். அப்படி வைத்தால் இரண்டு நாளுக்கு ஒரு தலைமுறையாகப் பெருகும். தினமும் பழைய நீரை எடுத்துவிட்டுப் புது நீர் ஊற்ற வேண்டும். ஞாயிறு, தீபாவளி, கல்யாணம், கருமாதி எதுவும் அதற்குத் தெரியாது. ஒரு நாள் விட்டால் வாடும், இரண்டு நாள் விட்டால் போய்விடும். வேதியியல் துறையிலிருந்து வரும் பொருள்களை அந்தக் குடுவையில் கலந்து, எது கிருமியைக் கொல்கிறது என்று பார்ப்போம். தஞ்சாவூரில் இப்படி ஒரு வேலை நடப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. என் மாமியார் கடைசி வரைக்கும் நான் கொசு வளர்ப்பதாகத்தான் ஊரில் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் சேர்ந்த முதல் வாரம். கிருமிக்கு நமக்கு வேண்டிய அளவு ஆக்சிஜன் ஆகாது. அதற்கென்று காஸ் சிலிண்டர் வைத்திருக்கும் இடங்கள் உண்டு, எங்களிடம் கிடையாது. பெரிய கண்ணாடி ஜாடிக்குள் குடுவைகளை அடுக்கி, நடுவில் ஒரு மெழுகுவத்தியை ஏற்றி மூடிவிடுவோம். சுடர் உள்ளேயிருக்கும் ஆக்சிஜனைக் குறைத்துவிட்டுத் தானாகவே தணியும். அது அணையப்போகிற நேரம் பார்த்து மூடியில் உள்ள திருகை அடைக்க வேண்டும். அக்கா அந்த வேலையை என்னிடம் கொடுத்தார். நான் ஜன்னல் வழியே யாரையோ பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் சுடர் எப்போதோ அணைந்து ஜாடி முழுக்கப் புகை. அக்கா கத்தவில்லை. ஜாடியைத் திறந்து, புகை போன பிறகு, புது மெழுகுவத்தியை எடுத்து நீட்டினார். "ஒருத்தன் மூச்சு உன் கையில இருக்கறப்ப வேடிக்கை பாக்காத வசந்தா" என்றார். ஒரு கிருமிக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் செய்தேன். அக்காவும் சிரித்தார்.

நோட்டு விஷயத்தில் மட்டும் அவரிடம் சிரிப்பு செல்லாது. ஒரு தடவை கிருமி எண்ணிக்கையைத் தப்பாக எழுதிவிட்டு, மேலே வெள்ளை மை பூசித் திருத்தியிருந்தேன். அக்கா ஒரு பிளேடை எடுத்து வந்து உட்கார்ந்து, அந்த வெள்ளையை முழுக்கச் சுரண்டி, அடியிலிருந்த என் தப்பை மறுபடி வெளியே கொண்டுவந்தார். சாப்பாட்டு வேளை முழுக்க அதே வேலை. பிறகு அதன்மேல் ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியான எண்ணை எழுதச் சொன்னார். "தப்பு இருக்கட்டும். படிக்கிற மாதிரி இருக்கட்டும். மூடிட்டா அதுக்கப்பறம் எழுதுனது எதையும் நம்ப முடியாது" என்றார். திருத்தியவர் கையெழுத்தும் தேதியும் ஒரு பக்கம், பார்த்தவர் கையெழுத்து இன்னொரு பக்கம். ஒரு கையெழுத்தோடு நின்றால் அது திருத்தமே ஆகாது. வேறு எங்கும் இவ்வளவு கெடுபிடி உண்டா என்று எனக்குத் தெரியாது. எங்கள் அறையில் உண்டு. இருந்ததே இரண்டு பேர்தான் என்பதால், என் தப்புக்கெல்லாம் அவர் சாட்சி, அவர் தப்புக்கெல்லாம் நான் சாட்சி. அவர் தப்பு பெரும்பாலும் தேதி மாற்றி எழுதுவது. அதற்கும் என்னைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குவார்.

பண்டிகைகளை நாங்கள் பங்கு போட்டிருந்தோம். பொங்கலன்று அவர் வருவார், பெருநாளன்று நான் வருவேன். தீபாவளி அவருக்கு, மிலாது நபி எனக்கு. பெருநாள் அன்று மத்தியானம் பச்சை நிற ஹாட் பாக்ஸில் நெய்ச்சோறும், தூக்கில் கறியுமாக ஆய்வகத்துக்கே வந்துவிடுவார். லீவு எடுத்தும் வருகிறீர்களே என்று கேட்டால், உனக்குச் சோறு கொண்டுவந்தேன் என்பார். வந்த கையோடு ஜாடியை ஒரு தடவை எட்டிப் பார்க்காமல் போகமாட்டார். என் வீட்டுப் பொங்கலுக்கு நான் ஒரு தடவைகூட அவருக்கு எதையும் ஆய்வகத்துக்கு எடுத்துக்கொண்டு போனதில்லை. மறுநாள் கரும்பைத் துண்டு போட்டுக் கொடுத்ததோடு சரி. இதையெல்லாம் இப்போதுதான் நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது.

அவர் தம்பி ஹாஜாவை உங்களில் பலர் பார்த்ததில்லை. அக்கா கல்யாணம் செய்துகொள்ளாமல் படிக்கவைத்த பிள்ளை. நம் பக்கத்து ஆட்கள் துபாய், சவூதி என்று போவார்கள். இவன் மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு மரம் அறுக்கும் மில்லுக்குப் போனான். மூன்று வருடம் கழித்து லீவில் வந்தவனுக்கு, வந்த வாரத்திலேயே காய்ச்சல். ஊரெங்கும் டெங்கு ஓடிக்கொண்டிருந்த சமயம். வீட்டில் எல்லோரும் டெங்கு என்றார்கள். அக்காவும் டெங்கு என்றுதான் நினைத்தார். நிலவேம்புக் கஷாயம் காய்ச்சிக் கொடுத்துவிட்டு வேலைக்கு வந்தார். எங்கள் பக்கம் மலேரியா யாருக்கு வருகிறது? மூன்றாம் நாள் காலையில்தான் அவருக்கு என்னவோ தட்டியிருக்கிறது. தம்பி விரலில் ஊசியால் குத்தி ஒரு சொட்டைக் கண்ணாடித் தட்டில் இழுத்து, கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தார்.

எனக்கு அது தெரியாது. சாயம் ஏற்றிய தட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்துவிட்டு, "நீ பாரு" என்று நகர்ந்தார். பார்த்தேன். சிவப்பணுவுக்குள் கிருமி முதலில் சின்ன மோதிரம்போல் தெரியும். அந்தத் தட்டில் கண் வைத்த இடமெல்லாம் மோதிரம். எங்கள் குடுவையில் இவ்வளவு அடர்த்தியாக வந்தால் அன்றைக்கு எங்களுக்குக் கொண்டாட்டம். நான், "பிரமாதமா வந்திருக்குக்கா, எந்தக் குடுவை?" என்று கேட்டேன்.

"குடுவை இல்ல. ஹாஜா" என்றார்.

அந்தக் கேள்வியை நான் கேட்டதற்கு அவர் ஒரு நாளும் என்னைக் கடிந்ததில்லை. வேறு எவளாக இருந்தாலும் அத்தோடு பேச்சை நிறுத்தியிருப்பாள்.

மருந்து ஏற்றினார்கள். சாதாரணமாக அந்த மருந்துக்கு இரண்டு மூன்று நாளில் கிருமி ரத்தத்தைவிட்டுப் போய்விட வேண்டும். ஹாஜாவுக்குப் போகவில்லை. ஐந்தாம் நாள் அவன் இறந்துபோனான். மருந்து ஏற்றுவதற்கு முன்பே, டாக்டரிடம் சொல்லி ஒரு குழாய் ரத்தத்தை ஆய்வுக்கென்று எடுத்து வைத்திருந்தார்கள். அனுமதித் தாளில் வீட்டார் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டது அக்காதான். நாற்பது நாள் வேலைக்கு வர வேண்டாம் என்று பேராசிரியர் சொன்னார். அக்கா நான்காம் நாளே வந்துவிட்டார். அந்த ரத்தத்திலிருந்து கிருமியைக் குடுவையில் பிடிக்க வைத்தார். "தெனம் இவன் மூஞ்சியப் பாக்குறவ நான். வீட்டுக்குள்ள வந்து படுத்தப்ப அடையாளம் தெரியல" என்று குடுவையைக் காட்டி என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். நீர் மாற்றிக்கொண்டிருந்தோம், மாற்றினோம்.

அதற்குப் பிறகு அந்தக் குடுவை வேறு, மற்றக் குடுவைகள் வேறு. மருந்துக்கு அசைந்து கொடுக்காத கிருமி எங்கள் கைக்குக் கிடைத்தது அதுதான் முதல் தடவை. எம்.எஸ்ஸி. மாணவி ஒருத்தி ஒரு நாள், உங்கள் தம்பியைக் கொன்றதை நீங்களே எப்படி வளர்க்கிறீர்கள் என்று வாய் தவறிக் கேட்டுவிட்டாள். எனக்கு அவளை அறையலாம் போலிருந்தது. அக்கா நிதானமாக, "வளக்கல. புடிச்சு வெச்சிருக்கேன்" என்றார். அந்தக் குடுவைக்கு வேண்டிய ரத்தம் பெரும்பாலும் என்னுடையது. நான் ஓ பாசிட்டிவ். ரத்தம் எடுக்க ஊசி குத்துவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் அக்கா கேட்பார், மாத்திரை ஏதாவது போட்டாயா என்று. என் உடம்பில் இருக்கும் மருந்து சீரத்தோடு குடுவைக்குள் போய்விடும் என்பதற்காக. இல்லை என்பேன். நூறு தடவை கேட்டிருப்பார், நூறு தடவையும் உண்மையாகவே இல்லை.

இரண்டு வருடத்தில் முப்பது நாற்பது பொருள்களை அதில் போட்டுப் பார்த்தோம். எதற்கும் அசையவில்லை. பிறகு வேதியியல் துறையிலிருந்து ஒரு மஞ்சள் பொடி வந்தது. துளி போட்டதும் அடுத்த தலைமுறையே எழவில்லை. அக்கா நம்பவில்லை. மறுபடி செய்தார். மறுபடியும் அதே முடிவு. "மூணு தடவை ஒரே மாதிரி வந்தாத்தான் உண்மை. அதுவரைக்கும் வாயத் தொறக்காத" என்று என்னை அடக்கினார். ஆனால் அன்று டீ குடிக்கும்போது, ஹாஜா சின்ன வயதில் குடமுருட்டி ஆற்றில் குதித்துக் கால் முறித்துக்கொண்ட கதையைச் சொன்னார். தம்பியைப் பற்றி அவராகப் பேசியது இரண்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை. மூன்றாவது தடவைக்கு நாள் குறித்திருந்தோம். அந்த வாரம்தான் புயல் வந்தது.

புயலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மரமெல்லாம் ரோட்டில். கரண்ட் இல்லை. கிருமியை உறைய வைத்துப் பத்திரப்படுத்தும் நைட்ரஜன் கேன் ஒன்று எங்களிடம் இருந்தது. மாட்டுக்குச் சினை ஊசி போடும் மருந்தகங்களுக்கு நைட்ரஜன் கொண்டுபோகிற வண்டிதான் அதையும் நிரப்பிவிட்டுப் போகும். வண்டி வரவில்லை. கேன் வற்றி, உறைய வைத்திருந்த குப்பிகள் எல்லாம் கெட்டுப்போயின. ஹாஜாவின் கிருமி என்று உலகத்தில் மிச்சமிருந்தது அந்த ஒரு குடுவைதான். அக்கா புயலுக்கு மறுநாளே பாபநாசத்திலிருந்து ஒரு டிராக்டரில் ஏறி, பாதி தூரம் நடந்து, ஆய்வகத்துக்கு வந்துவிட்டார். கையில் அந்தப் பச்சை ஹாட் பாக்ஸ்.

நான் மூன்றாம் நாள் வந்தேன். ஜெனரேட்டரில் டீசல் தீர்ந்திருந்தது. அக்கா தரையில் உட்கார்ந்திருந்தார். ஹாட் பாக்ஸுக்குள் வெதுவெதுப்பான நீர், நீருக்குள் குடுவை, மூடி இடுக்கில் தெர்மாமீட்டர். பக்கத்தில் காஸ் அடுப்பில் வெந்நீர். "முப்பத்தாறரை. அரை டம்ளர் ஊத்து" என்றார், வா என்றுகூடச் சொல்லாமல். நான் வந்த பிறகுதான் ஒரு மணி நேரம் படுத்தார். இப்படி நான்கு நாள். கரண்ட் வந்ததும் தட்டு போட்டுப் பார்த்தோம். கிருமி உயிரோடு இருந்தது. எண்ணிக்கை குறைந்திருந்தாலும் நன்றாகவே இருந்தது. அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். அவர் அழுததை நான் பார்த்தது அன்றுதான்.

ஃப்ரீஸரில் இருந்த சீரமும் கெட்டிருந்தது. புதிதாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நான் அம்மா வீட்டைப் பார்த்துவிட்டு வரக் குடவாசல் போனேன். சம்பா முழுக்கத் தண்ணீரில் கிடந்தது. வயலில் இறங்கி வரப்பை வெட்டிவிட்டோம். கரையேறியபோது நர்சம்மா நின்றுகொண்டு, வயலில் இறங்கின எல்லோருக்கும் எலிக்காய்ச்சல் வராமலிருக்க ஆளுக்கு இரண்டு கேப்சூல் கொடுத்தார். அவர் கண் முன்னாலேயே முழுங்க வேண்டும். முழுங்கினேன். அம்மா வடித்த கஞ்சியைக் குடித்துவிட்டுப் பஸ் ஏறினேன். மறுநாள் காலை அக்கா கையில் ஊசியோடு, "மாத்திரை எதுவும் போட்டியா?" என்று கேட்டார். "இல்லக்கா" என்றேன். பொய் சொல்லவில்லை. காய்ச்சல், தலைவலி என்று போட்டால்தான் என் மனதுக்கு அது மாத்திரை. வரப்பில் நின்று முழுங்கியது நினைவுக்கே வரவில்லை.

அந்த கேப்சூல் மலேரியாக் கிருமியையும் கொல்லும். உடனே கொல்லாது என்பதுதான் அதன் குணம். முதல் தலைமுறை தெம்பாக வளரும். அதற்குப் பிறந்த குட்டிகள் எழாது. இது எனக்குத் தெரியாததல்ல, நாங்களே செய்து பார்த்த சோதனைதான். இரண்டு நாள் எல்லாம் நன்றாக இருந்தது. நான்காம் நாள் தட்டில் ஒரு மோதிரம்கூட இல்லை. அக்கா ஒவ்வொரு மூலையாகத் தேடினார். பிறகு கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"வசந்தா, நீ ஒண்ணும் மாத்திரை போடலையே?"

அந்த நொடியில்தான் நர்சம்மாவின் உள்ளங்கை என் கண்ணுக்கு முன்னால் வந்தது. வாய் அதற்கு முன்பே திறந்துவிட்டது.

"இல்லக்கா."

"நல்ல வேளை" என்று அக்கா மூச்சு விட்டார். "உன்னாலன்னு இருந்திருந்தா, சத்தியமா உன் மூஞ்சில முழிச்சிருக்க மாட்டேன்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. என்னை ஆறுதல்படுத்துவதற்காகத்தான் சொன்னார். என் தோளில் கைகூட வைத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் எழுத முடியவில்லை, எழுதவும் வேண்டும். அக்கா விடவில்லை. தட்டில் தப்பித்தவறி ஒன்றிரண்டு மிஞ்சியிருக்கும் என்று, தினமும் நீர் மாற்றினார். புது நீரில் அதே சீரத்தைத்தான் கலந்தார். என் சீரம். ஃப்ரிட்ஜிலிருந்து அந்தப் பாட்டிலை எடுத்துக் கொடுத்தவளும் நான்தான். ஆறு நாள். அன்றே சொல்லியிருந்தால் வேறு ஆளிடம் சீரம் வாங்கி மாற்றியிருக்கலாம். பிழைத்திருக்குமா என்றால், பிழைக்காது என்றுதான் படித்தவர்கள் சொல்வார்கள். அந்தச் சமாதானத்தை நானும் நிறைய தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். ஏழாம் நாள் அக்கா நோட்டை எடுத்து எழுதினார்: "கிருமி முழுவதும் இறந்தது. காரணம்: புயல் நாள்களில் ஹாட் பாக்ஸில் சூடு கூடியது, பாதிப்பு பிந்தித் தெரிந்தது. என் தவறு. ஜை." என்னிடம் நீட்டினார். பார்த்தவர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாவது சோதனை நடக்கவேயில்லை. மற்றக் கிருமிகள் எல்லா மருந்துக்கும் சாகிறவை, அவற்றில் காட்டி என்ன பயன். இரண்டு தடவை வந்த முடிவை யாரும் முடிவென்று ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். மஞ்சள் பொடி இன்னும் எங்கேயாவது அலமாரியில் இருக்கும். அடுத்த வருடம் திட்டத்தையும் மூடினார்கள். அக்கா கொஞ்ச நாள் கண்ணாடிச் சாமான்களைக் கழுவிக்கொண்டிருந்தார். பிறகு விருப்ப ஓய்வு கேட்டு வாங்கிக்கொண்டு தங்கை வீட்டோடு போய்விட்டார். உடம்பு முடியவில்லை என்று உங்களிடம் சொன்னார். உடம்புக்கு ஒன்றுமில்லை. தம்பியை இரண்டு தடவை சாகக் கொடுத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அதில் இரண்டாவது தடவை அவருடையதல்ல என்று தெரிந்த ஒரே ஆள் நான். வருடத்துக்கு மூன்று நான்கு தடவை போய்ப் பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் பஸ்ஸில் வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டு போவேன். பாபநாசம் வந்ததும் அவை போய்விடும். கொண்டுபோன பழத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்புவேன்.

கடைசியாகப் போனது இந்த வருடம் நோன்புக்கு முன்னால். பர்வீன் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அக்கா என்னைச் சமையல்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மேடைமேல் அந்தப் பச்சை ஹாட் பாக்ஸ், உள்ளே தண்ணீர், மூடி இடுக்கில் தெர்மாமீட்டர். பக்கத்தில் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கால் மணிக்கு ஒரு அளவாக எண்கள். அன்று ஊற்றிய அதே கணக்கில் வெந்நீர் ஊற்றிப் பார்த்திருக்கிறார்.

"மூணு தடவை பாத்துட்டேன் வசந்தா. ஒரு தடவைகூட முப்பத்தேழரையத் தாண்டல" என்றார்.

நான் தாளிலிருந்த எண்களைப் பார்த்தேன்.

"சூடு இல்ல. அப்ப என் கை இல்ல. வேற என்னவா இருக்கும்? சொல்லு."

அவர் கண்ணில் சந்தேகம் இல்லை. இருந்திருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒரு சோதனையின் முடிவைக் கூட வேலை பார்த்தவளிடம் காட்டி, அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்கிற முகம். அதே முகத்தைப் பதினோரு வருடம் பார்த்திருக்கிறேன். "விடுங்கக்கா, இதப் போயி இப்ப ஏன் நோண்டிக்கிட்டு" என்றேன். டீ ஆறிப்போய்விடும் என்றேன். அக்கா அந்தத் தாளை மடித்து மளிகை டப்பாவுக்குக் கீழே வைத்தார். "சரி, டீயக் குடி" என்றார். இருவரும் குடித்தோம். பஸ் ஸ்டாப்புவரை வந்து ஏற்றிவிட்டார்.

இதுதான் நான் முகம் பார்க்க உள்ளே வராததற்குக் காரணம். விஷயம் தெரிந்தால் என் முகத்தில் விழிக்கமாட்டேன் என்று சொன்னவர். தெரியாமலேயே போய்விட்டார் என்பதற்காக, நான் போய் அவர் முகத்தைப் பார்த்துவிடுவதா? அவ்வளவு தூரம் எனக்குத் துணிச்சல் இல்லை.

திட்டத்தை மூடியபோது பழைய நோட்டுகளைக் கழிவுத் தாளோடு போடச் சொன்னார்கள். அந்த ஒன்றை மட்டும் நான் வீட்டுக்குக் கொண்டுவந்து, துணி அலமாரியில் புடவைகளுக்கு அடியில் வைத்திருந்தேன். ஏன் எடுத்து வந்தேன் என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால், ஞாபகத்துக்கு என்று சொல்லியிருப்பேன். அவர் நினைவாக என்னிடம் வேறு எதுவும் இல்லை. அவரை அடக்கம் செய்துவிட்டு வந்த மறுநாள் காலை அதை எடுத்தேன். அவர் எழுதிய காரணத்தின்மேல் ஸ்கேல் வைத்து ஒற்றைக் கோடு போட்டேன். அடியில் இருப்பதை இப்போதும் படிக்கலாம். பக்கத்தில் எழுதினேன்: "காரணம்: வசந்தாவின் சீரம். எலிக்காய்ச்சல் கேப்சூல் முழுங்கியிருந்தாள். அக்கா கேட்டபோது இல்லை என்று சொன்னாள்." கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டேன்.

பார்த்தவர் கையெழுத்துக்கான இடம் காலியாக இருக்கிறது. அக்காவின் சட்டப்படி அது இன்னும் திருத்தம் ஆகவில்லை.